வட்டிக்கு உச்சவரம்பு: மேடையேறும் முன் போட வேண்டிய கணக்கு

வட்டிக்குச் சட்டம் வரம்பு கட்டினால் நாட்டின் வணிகம் செழிக்குமா, அல்லது கடன் கிடைக்காமல் சுருங்குமா என்ற கேள்வி மிகப் பழையது. கல்லூரிக் கட்டுரையிலோ, வணிகர் சங்கக் கூட்டத்திலோ, கோயில் திருவிழாப் பட்டிமன்றத்திலோ இதைப் பேச நேரும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்காக இந்தக் குறிப்பை எழுதுகிறேன். கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் பல ஆண்டுகள் பேரேடு எழுதியவன் என்ற முறையில், இந்த வாதத்தில் பெரும்பாலோர் சறுக்குவது கொள்கையில் அன்று, கணக்கில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே எந்தக் கட்சி பேசப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யும் முன்பே, கையில் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: எல்லா வட்டியையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருதல்

நம் ஊரில் வட்டியைச் சொல்லும் விதங்கள் பல. "ரெண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 விழுக்காடு. அடகுக் கடையிலும் இதே மாதக் கணக்கே பேச்சில் புழங்குகிறது. வங்கியில் ஆண்டுக் கணக்கு, வண்டிக் கடன் தரும் நிறுவனத்தில் "பிளாட் ரேட்", சந்தையில் தண்டல். இவற்றை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, படியையும் லிட்டரையும் பெயர் மாற்றாமல் கூட்டுவதற்குச் சமம்.

தண்டலை எடுத்துக்கொள்வோம். பேருந்து நிலையத்தருகே பூக்கடை வைத்திருப்பவர் பத்தாயிரம் ரூபாய் தண்டல் வாங்குகிறார். கையில் தரப்படுவது 8,500. நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். சிறு அட்டை ஒன்று கொடுத்துவிடுவார்கள். வசூலுக்கு வருபவர் அன்றன்று கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். கேட்டால், "பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறுதானே" என்பார்கள். ஆனால் பூக்கடைக்காரர் கையில் 8,500 முழுதாக இருந்தது முதல் நாள் மட்டுமே. நாள்தோறும் அடைத்து வருவதால், அந்த 100 நாளில் அவரிடம் சராசரியாக இருந்த கடன் ஏறத்தாழ அதில் பாதி, அதாவது 4,250 ரூபாய். அதற்கு 1,500 ரூபாய் வட்டி என்றால் 100 நாளுக்கு 35 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆண்டுக்குப் பெருக்கினால் 129. இது விரைவாகப் போடும் முரட்டுக் கணக்கு. நாள்வாரியாக நுணுக்கமாகப் போட்டால் சுமார் 121 வரும். எப்படிப் பார்த்தாலும், பதினைந்து என்று வாயால் சொல்லப்பட்ட வட்டி நூற்றிருபதைத் தாண்டி நிற்கிறது.

பிளாட் ரேட்டில் நானே ஏமாந்திருக்கிறேன். மொபெட் வாங்கிய காலத்தில், பெயர் வேண்டாம், ஒரு நிதி நிறுவனத்தார் "வருஷத்துக்குப் பன்னிரண்டுதான் சார்" என்றார்கள். கணக்கெழுதுவதையே தொழிலாகக் கொண்டிருந்த நான் தலையாட்டிக் கையெழுத்திட்டேன். இரண்டு ஆண்டுக் கடனில் அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முதல் நாள் அசலுக்கே கடைசி மாதம் வரை போடப்பட்டது. குறையும் நிலுவைக்கு மாற்றிப் பார்த்தால் அது 21.6 விழுக்காடு. ஆவணக் கட்டணம் இதில் சேராது.

2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் சில்லறைக் கடனுக்கும் சிறு தொழில் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடனாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விழுக்காடு அதில் இருக்கும். உங்கள் வாதத்துக்கு வேண்டிய எண் அதுவே. விளம்பரத் தட்டியில் இருக்கும் எண் அன்று.

எந்தச் சட்டம் யாரைக் கட்டுகிறது?

"இந்தியாவில் வட்டிக்கு உச்சவரம்பு உண்டு" என்பதும் உண்மை, "இல்லை" என்பதும் உண்மை. எந்த வாசல் வழியாகக் கடன் வந்தது என்பதைப் பொறுத்தது அது. தமிழ்நாட்டில், 1957ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டத்தின் கீழ் வட்டாட்சியரிடம் உரிமம் பெற்றுத் தொழில் செய்பவருக்கு அரசு வரம்பு விதித்திருக்கிறது. பிணையில்லாக் கடனுக்கு அது ஆண்டுக்கு 12 விழுக்காடு. அடகுக் கடைகளுக்கு 1943இலிருந்து தனிச் சட்டம் உண்டு. 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. மீறினால் மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டப் புத்தகத்தில் "தண்டல்", "மீட்டர் வட்டி" என்ற தெருச் சொற்களே இடம்பெற்றிருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

மறுபுறம், வங்கி வாங்கும் வட்டி மிகை என்று சொல்லி அதைத் திருத்தி எழுத நீதிமன்றங்களுக்கு வழியில்லை என்கிறது வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு. ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களை மாநிலக் கடன் கொடுப்போர் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடன் அட்டைக்கு 30 விழுக்காட்டு வரம்பு விதித்திருந்த தேசிய நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவையும் அதே நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்தது. குழுக்கடன் தரும் நுண்கடன் நிறுவனங்களுக்கு 2011இல் 26 விழுக்காடு என்று ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு, சில ஆண்டுகளில் வேறு வாய்பாடாகி, 2022 ஏப்ரலில் எண்ணாகவே இல்லாமல் போயிற்று. இப்போதுள்ள விதி வேறு வகையானது: ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு மேற்படாத குடும்பத்தின் மொத்தக் கடன் தவணைகள், அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது. வட்டியை அளப்பதை விட்டுவிட்டுக் குடும்பத்தின் சுமையை அளக்கும் இந்த மாற்றத்தை, உச்சவரம்புக்காகப் பேசுபவரும் எதிர்ப்பவரும் பெரும்பாலும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

வணிகத்தின் பக்கம்: மாங்கூழ் பீப்பாயை வைத்து ஒரு கணக்கு

உச்சவரம்புக்கு ஆதரவான வாதங்களில் வலுவானது இரக்கத்தின் பெயரால் வருவதன்று, வணிகத்தின் பெயரால் வருவது. 1668இல் இலண்டன் வணிகர் ஜோசையா சைல்டு இதைத்தான் எழுதினார். ஆலந்து (நெதர்லாந்து) நாட்டுக்காரர்களுக்குக் குறைந்த வட்டியில் பணம் கிடைக்கிறது. இங்கிலாந்தில் சட்டப்படியான வரம்பே 6 விழுக்காடாக இருக்கிறது. ஆகவே அவர்கள் மலிவாக விற்று உலகச் சந்தையைப் பிடிக்கிறார்கள். சட்டத்தால் நம் வட்டியை 4 விழுக்காட்டுக்கு இறக்கினால் நாமும் பிடிக்கலாம் என்பது அவர் வாதம்.

இதை நம் மண்ணில் வைத்துப் பார்ப்பது எளிது. கிருஷ்ணகிரி மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்று தோத்தாபுரி மாங்காயைப் பருவத்தின் இரண்டு மூன்று மாதத்துக்குள் வாங்கித் தீர்க்க வேண்டும். விவசாயிக்கும் சுமை தூக்குவோருக்கும் அப்போதே பணம் போக வேண்டும். கூழோ பீப்பாயில் அடைபட்டு, வெளிநாட்டு ஆர்டருக்குக் காத்து மாதக்கணக்கில் கிடங்கில் நிற்கும். கணக்குக்காக, ஒரு கிலோ கூழின் அடக்கம் 60 ரூபாய் என்றும், அது எட்டு மாதம் நின்று விற்பதாகவும் கொள்வோம். 12 விழுக்காடு வட்டியில் கிலோவுக்கு 4 ரூபாய் 80 காசு ஏறும். 24 விழுக்காடானால் 9 ரூபாய் 60 காசு. போட்டியாளர் நாட்டில் 6 விழுக்காட்டில் கடன் கிடைக்குமானால் அவருக்கு ஏறுவது 2 ரூபாய் 40 காசுதான். 24 விழுக்காட்டில் கடன் வாங்கியிருந்தால், கப்பல் ஏறும் முன்பே நாம் ஏழு ரூபாய்க்கு மேல் பின்தங்கிவிடுகிறோம். அந்த ஏழு ரூபாயை ஆலை முதலாளி தன் இலாபத்திலிருந்து தருவார் என்று நினைப்பவர்கள், பருவ காலத்தில் சந்தூர்ப் பக்கம் போய் மாங்காய் விலையைக் கேட்டுவிட்டு வரலாம்.

நீங்கள் எந்தப் பொருளை எடுத்தாலும் இதே மூன்று எண்கள் போதும்: அடக்கவிலை, அது எத்தனை மாதம் நிற்கும் என்பது, வட்டி. ரோஜா போல அன்றே விற்கும் பொருளில் வட்டியின் பங்கு சிறியது; புளி, பட்டு, கூழ் போலத் தங்கி விற்கும் பொருளில் அதுவே விலையைத் தீர்மானிக்கிறது. வட்டி வரம்பு வணிகத்துக்கு நல்லதா என்று பொதுப்படக் கேட்பதைவிட, எந்த வணிகத்துக்கு என்று கேட்டால் வாதம் கூர்மையாகும்.

சைல்டைப் பற்றி ஒரு செய்தி. அவர் பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவரானார். பணம் மலிந்தால் முதலில் பயன்பெறும் வணிகர் கூட்டத்தில் அவரும் ஒருவர். அதே கம்பெனி 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலைப் பெற்று, அலெக்சாண்டர் ரீடையும் தாமஸ் மன்றோவையும் நம் பகுதிக்கு வரிவசூல் அதிகாரிகளாக அனுப்பியது.

மறுதரப்பு: மறுக்கப்பட்டவர் எங்கே போவார்?

சைல்டுக்கு மறுப்பெழுதியவர் தத்துவ அறிஞர் ஜான் லாக். பணத்தின் வாடகையைச் சட்டத்தால் இறக்க முடியாது. சந்தை விலைக்குக் கீழே வரம்பு வைத்தால் கொடுப்பவர் பின்வாங்குவார். தேவை உள்ளவர் சட்டத்துக்குப் புறம்பாக, அந்த ஆபத்துக்கும் சேர்த்து அதிக விலை கொடுத்து வாங்குவார். வட்டி வருவாயில் வாழும் கைம்பெண்களும் அனாதைகளும் நட்டப்படுவார்கள். குறுக்குவழி தெரிந்த இடைத்தரகர்கள் கொழிப்பார்கள் என்றார். பின்னர் ஆடம் ஸ்மித், சந்தை வட்டிக்குச் சற்றே மேலான வரம்பு நல்லது, இல்லையேல் பணமெல்லாம் ஊதாரிகளிடமும் கனவுத் திட்டக்காரர்களிடமும் போய்ச் சேரும் என்றார். அந்தத் திட்டக்காரர்களால்தான் புதுத் தொழில் பிறக்கிறது என்று 1787இல் ஜெரமி பெந்தம் அவரை மறுத்தார். 1714இல் 5 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்த இங்கிலாந்தின் வரம்பு 1854இல் ஒரேயடியாக நீக்கப்பட்டது.

லாக்கின் கேள்வியை நம் ஊரில் சோதிக்க இராயக்கோட்டைத் தக்காளி மண்டியைவிட நல்ல இடம் கிடையாது. நாற்று நட விவசாயிக்கு மண்டிக்காரர் 20,000 ரூபாய் முன்பணம் தருகிறார். வட்டி ஒரு காசு கிடையாது. எந்தச் சட்டமும் அதைத் தொட முடியாது. நிபந்தனை ஒன்றே ஒன்று: காய் முழுவதும் அதே மண்டிக்கு வர வேண்டும். மூன்று மாதத்தில் 300 கிரேடு (தக்காளிப் பெட்டி) இறக்குகிறார் என்றும், கடன்படாத விவசாயிக்குக் கிடைக்கும் விலையைவிடக் கிரேடுக்கு 20 ரூபாய் குறைவாக இவருக்குப் போடப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். போனது 6,000 ரூபாய். 20,000க்கு மூன்று மாதத்தில் 6,000 என்றால் ஆண்டுக்கு 120 விழுக்காடு. தண்டல்காரரின் அட்டையிலாவது வட்டி எழுத்தில் இருக்கிறது. இங்கே அது தராசுத் தட்டுக்கடியில் ஒளிந்திருக்கிறது. வரம்பை இறுக்கினால் வட்டி மறைந்துவிடும் என்று பேசப் போகிறவர் இந்தக் கணக்கை எதிர்க்கட்சி எடுத்து வீசும் முன் தானே சொல்லிவிடுவது நல்லது. மண்டிக்காரர்கள் எல்லாரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. விதை வாங்கக் காசில்லாத நாளில் கைகொடுத்தவர்களும் அவர்களே.

வெளிநாட்டுச் சான்று வேண்டுமானால் கென்யா போதும். அங்கே 2016இல் வங்கிக் கடன் வட்டியை மத்திய வங்கி விகிதத்துக்கு மேல் 4 புள்ளிகளுக்கு மிகாமல் கட்டினார்கள். வங்கிகள் சிறு வணிகர்களைத் தவிர்த்துவிட்டு அரசுக் கடன் பத்திரங்களில் பணத்தைப் போட்டன. 2019 நவம்பரில் வரம்பு நீக்கப்பட்டது. இன்னும் அருகில் வேண்டுமானால், குப்பம் சாலையில் எல்லையைத் தாண்டினால் ஆந்திரம். 2010 அக்டோபரில் அந்த மாநிலம் நுண்கடன் நிறுவனங்கள் மீது கடுமையான அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வசூல் முறைகளின் கொடுமையும் தற்கொலைகளும் அதற்குக் காரணமாயின. சட்டம் வந்தபின் வசூல் அடியோடு சரிந்தது. புதுக் கடனும் நின்றது.

வரம்பே இல்லாத காலத்தையும் பார்த்துவிடுங்கள்

எதிர்வாதத்தோடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான். இங்கிலாந்தைப் பின்பற்றி 1855இல் இந்தியாவிலும் வட்டி வரம்புச் சட்டங்கள் நீக்கப்பட்டன. இருபதே ஆண்டில், 1875 மே மாதம், புனே மாவட்டத்துச் சூபாவில் தொடங்கித் தக்காண விவசாயிகள் வட்டிக்கடைகளைச் சூழ்ந்து கடன் பத்திரங்களைத் தீயிலிட்டார்கள். பருத்தி விலை வீழ்ச்சியும் வரி உயர்வும் அதில் சேர்ந்திருந்தன என்றாலும், எரிக்கத் தேர்ந்தெடுத்தது பத்திரத்தைத்தான். 1918இல் மிகைவட்டிக் கடன் சட்டம் வந்தது; நியாயமற்ற பேரத்தைத் திறந்து பார்க்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மீண்டது.

நம் மாவட்டத்தாருக்கு இதில் சொந்தமான ஒரு பக்கம் உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. அதன்பின் விவசாயி வாங்கும் கடனுக்கு ஆண்டுக்கு ஆறேகால் விழுக்காடு தனிவட்டியே உச்சம். இந்த ஆறேகால் எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்பதுண்டு. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி இருந்த காலம் அது. ரூபாய்க்கு மாதம் ஒரு தம்பிடி, ஆண்டுக்கு ஓரணா என்று வைத்தால் சரியாக ஆறேகால் வரும். படிக்காத விவசாயியும் விரல் விட்டு எண்ணிச் சரிபார்க்கக்கூடிய வரம்பு. இன்றைய சட்டங்களுக்கு அந்த எளிமை இல்லை என்பது என் குறை.

இன்னும் பின்னோக்கிப் போக விரும்புவோர்க்கு: தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசன் காலத்து முதலீடுகளுக்குக் காசொன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை (வட்டி) குறிக்கப்பட்டிருக்கிறது. அது பன்னிரண்டரை விழுக்காடு. கடன் கொண்டவை ஊர்ச்சபைகள். தனி விவசாயிக்கும் அதே வட்டிதான் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

வரம்பும் மானியமும் ஒன்றல்ல

மேடையில் அடிக்கடி கேட்கும் பிழை இது. விவசாயக் கடன் அட்டையில் 3 லட்சம் வரை 7 விழுக்காட்டில் கடன் கிடைக்கிறது. தவணை தவறாதவருக்கு 3 விழுக்காடு தள்ளுபடி போக 4 ஆகிறது. தமிழகக் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடனைக் காலத்தில் கட்டினால் வட்டியே இல்லை. இதைக் காட்டி, "பாருங்கள், வரம்பு வேலை செய்கிறது" என்பார்கள். வேலை செய்வது வரம்பன்று. மீதி வட்டியை அரசு தன் கருவூலத்திலிருந்து கட்டுகிறது. சட்டத்தால் மலிவாக்குவதற்கும் வரிப்பணத்தால் மலிவாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தாளில் தனித்தனி வரியாக எழுதிவையுங்கள்.

"அப்படியானால் எந்த எண்ணை வைப்பீர்கள்?"

எந்தப் பக்கம் பேசினாலும் கடைசியில் இந்தக் கேள்வி வரும். பதிலைக் கட்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்கும் பத்து லட்சத்துக்கும் விண்ணப்பம், விசாரணை, வசூலுக்கு அலைச்சல் எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. அஞ்செட்டி மலைக் கிராமத்துக்கு இருசக்கர வண்டியில் போய் வருவதற்கு ஆகும் செலவு கடன் தொகையைப் பார்த்துக் குறைவதில்லை. ஆகவே எல்லாக் கடனுக்கும் ஒரே எண்ணை வைக்கும் சட்டம் சிறு கடனைத்தான் முதலில் கொல்லும்.

என் பதில் இது. வரம்பு இருக்கட்டும், ஆனால் அது அசையாத எண்ணாக இல்லாமல் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு (வங்கிகளுக்கு அது தரும் கடனின் வட்டியோடு) சேர்ந்து ஏறி இறங்கட்டும், கடன் சிறியதானால் இடைவெளி கூடுதலாகவும் பெரியதானால் குறைவாகவும் இருக்கட்டும், ஆவணக் கட்டணம், முன்கூட்டிப் பிடிக்கும் தொகை, விலையில் கழிக்கும் தொகை எல்லாம் வட்டியாகவே எண்ணப்படட்டும். ஏற்றுமதியாளரின் நடைமுறை மூலதனத்துக்கு இந்த வரம்பு தேவையில்லை. அவருக்கு வாசல்கள் பல உண்டு, பேரம் பேசவும் தெரியும். கூட்டத்தில் இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், "மண்டிக்காரர் கழிக்கும் இருபது ரூபாயை எந்த அதிகாரி எண்ணுவார்?" என்று கேட்டார். ஏலம் வெளிப்படையாக நடந்து, ஒவ்வொரு கிரேடுக்கும் விலைச் சீட்டு எழுதித் தரப்படும் சந்தையில் எண்ணலாம் என்றேன். வட்டி பற்றிய வாதம் அங்கிருந்து சந்தை பற்றிய வாதமாக மாறி இரவு பத்து மணி வரை நீண்டது.

உங்களுக்கே இப்படியொரு கடன் இருந்து, கணக்கில் வட்டி மிகை என்று தெரிந்தால், மேடைக்குக் காத்திருக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அசலையும் அரசு நிர்ணயித்த அளவு வட்டியையும் நீதிமன்றத்தில் செலுத்திக் கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரலாம். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் உதவி கேட்கலாம். போகும்போது அந்தச் சிறு அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுப் புரோநோட்டு அவர்களிடம் இருக்கும். உங்களிடம் இருக்கும் எழுத்துச் சான்று அந்த அட்டை ஒன்றாகவே இருக்கக்கூடும்.